பெங்களூரு பால்கனியில் கிருஷ்ண கமலம்: தொட்டியில் கொடி ஏற்றிப் பூ வாங்க முழு வழிகாட்டி

பெங்களூரில் கிருஷ்ண கமலக் கொடியை உயிரோடு வைத்திருப்பது ஒரு வேலையே இல்லை. நட்டுவிட்டு மறந்துபோனால்கூட மழைக்காலம் முடிவதற்குள் கிரில் முழுக்க ஏறி, பக்கத்து வீட்டு டிஷ் ஆன்டெனாவையும் பிடித்துவிடும். பூ வாங்குவதுதான் வேலை. "புதர் மாதிரி வளர்ந்திருக்கு, ஒரு மொட்டுகூட வரலை" என்ற புகாரை இங்கே மாடித்தோட்டக்காரர்கள் கூடும் இடமெல்லாம் கேட்கலாம். பெரும்பாலும் வெயில் போதாத இடம், கை நிறைய அள்ளிப் போட்ட சாணி உரம், மொட்டு வரும் நேரத்தில் வெட்டிய கத்தரி, இவற்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். இந்த வழிகாட்டி முழுவதும் பூவை மனதில் வைத்தே எழுதப்பட்டது. பழம், அதாவது பேஷன் ஃப்ரூட், வேண்டுபவர்களுக்கும் அதே வழிதான், பூ வராமல் பழம் ஏது?

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கொடியைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பாதி, பனி உறையும் நாடுகளுக்காக எழுதியவை. "குளிர்காலத்தில் தொட்டியை வீட்டுக்குள் எடுத்து வையுங்கள்" என்பார்கள். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் பெங்களூரில் ஜனவரி விடியற்காலை 15, 16 டிகிரிக்கு இறங்கும், அவ்வளவுதான். கொடி கொஞ்சம் சோம்பலாக நிற்கும், சாகாது. இங்கே அதற்குப் பாதுகாப்பு தேவைப்படுவது காற்றிலிருந்து.

இடத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு செடி வாங்குங்கள்

பலர் லால்பாக் மலர்க் கண்காட்சிக்குப் போய்ப் பூவைப் பார்த்து மயங்கி, செடியை வாங்கி வந்த பிறகுதான் எங்கே வைப்பது என்று யோசிக்கிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். ஒரு விடுமுறை நாளில் காலை எட்டு மணியிலிருந்து மாலை நான்கு வரை, மணிக்கொரு தடவை பால்கனியை எட்டிப் பாருங்கள். நேரடி வெயில் ஐந்து மணி நேரம் விழும் இடம் இருந்தால் கவலையே இல்லை. நான்கு மணி நேரம் என்றாலும் பூக்கும், கொஞ்சம் கஞ்சத்தனமாக. மூன்றுக்குக் கீழே என்றால் இலைக்கொடியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம், அல்லது மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள்.

கிழக்கு பார்த்த பால்கனிதான் இந்த ஊருக்கு மிகவும் பொருத்தம். காலை வெயில் நேராக விழும், மார்ச், ஏப்ரல் மாதத்து மதிய வெயில் வேரைச் சுடாது. தெற்கும் நல்லதுதான். மேற்கு என்றால் தொட்டியின் பக்கவாட்டை ஒரு செங்கல் வரிசையாலோ வேறு சின்னத் தொட்டிகளாலோ மறைத்துவிடுங்கள். கொடிக்கு வெயில் வேண்டும், வேருக்கு வேண்டாம்.

அப்புறம் காற்று. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் பக்கத்து உயரமான அடுக்குமாடிகளில் அடிக்கும் வேகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எட்டாவது மாடியில் இளம் கொழுந்து ஒரே இரவில் கருகியது போலாகிவிடும். அது நோயில்லை, காற்று உலர்த்தியதும் கம்பியில் உரசியதும்தான். இரண்டு சுவர் சேரும் மூலையில் வைத்தால் பாதிப் பிரச்சினை போய்விடும். மூலை இல்லாதவர்கள் காற்று வரும் பக்கம் 50 சதவீத நிழல்வலையை இடுப்பு உயரத்துக்குக் கட்டலாம். காற்றை முழுவதுமாக அடைத்துவிடாதீர்கள். அடைத்த இடத்தில் மாவுப்பூச்சி வந்து குடியேறும்.

ஜெயநகர், மல்லேஸ்வரம் மாதிரி இடங்களில் காம்பவுண்டுச் சுவரோடு கொஞ்சம் மண் இருக்கும் தனிவீட்டுக்காரர்களுக்கு இதெல்லாம் இல்லை. சுவர்தான் அவர்களுக்குக் காவல். ஆனால் தரையில் நட்டால் வேர் தாராளமாக ஓடி, கொடி கூரைவரை போய், பூவெல்லாம் மாமரத்தின் உச்சியில் பூக்கும். தரையில் நடுவதென்றாலும் இரண்டடி ஆழத்துக்குக் கடப்பாக்கல் துண்டுகளைப் பக்கவாட்டில் இறக்கி வேரை ஒரு கட்டுக்குள் வையுங்கள்.

எந்தக் கொடி?

பாஸிஃப்ளோரா பேரினத்தில் 500க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன, பெரும்பாலானவை தென் அமெரிக்காவைச் சேர்ந்தவை. நர்சரியில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: கிருஷ்ண கமல். சில இடங்களில் ராக்கிப் பூ. லேபிளை நம்பாமல் இலையைப் பாருங்கள்.

இலை கைவிரல் மாதிரி ஐந்து, ஏழு பிரிவாகப் பிரிந்து, ஓரம் வழவழப்பாக இருந்தால் அது நீலப்பூ பூக்கும் செருலியா. குளிர்ச்சியை விரும்பும் வகை என்பதால் சென்னையில் திணறும், பெங்களூரில் சந்தோஷமாக இருக்கும். மூன்று பிரிவும் பளபளப்பும் ஓரத்தில் ரம்பப் பல்லும் இருந்தால் எடுலிஸ், அதாவது நாம் சாப்பிடும் பேஷன் ஃப்ரூட். கொடைக்கானல்காரர்கள் தாட்பூட் பழம் என்பார்கள். இலங்கைத் தமிழருக்கு அது கொடித்தோடை. திராட்சை இலையைப் போல இருந்து பூ ரத்தச் சிவப்பு என்றால் விட்டிஃபோலியா. சிவப்பில் இலை பிரியாமல் நீள்வட்டமாக, ஓரம் பல்லோடு இருக்கும் வகையும் உண்டு. சிவப்பு வகைகளுக்குச் சூடு கொஞ்சம் கூடுதலாக வேண்டும், டிசம்பர், ஜனவரியில் அசையாமல் நிற்கும்.

ஒரே ஒரு தொட்டிக்குத்தான் இடம் என்றால் என் ஓட்டு ஊதா எடுலிஸுக்கு. பூவும் அழகு, பழமும் உண்டு, துணைக்கு இன்னொரு கொடி தேவையில்லை. மஞ்சள் பழ வகை பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. அதற்கு வேறு தாயிலிருந்து வந்த இன்னொரு கொடி பக்கத்தில் வேண்டும். இரண்டையும் கலந்து குடகு செட்டள்ளியில் உள்ள மத்தியத் தோட்டக்கலைச் சோதனை நிலையம் உருவாக்கிய 'காவேரி' என்ற கலப்பின ரகம் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். அந்த நிலையம் ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தது, ஹெசரகட்டாவிலேயே கேட்டுப் பார்க்கலாம். மற்ற வகைகளுக்கு லால்பாக்கில் உள்ள நர்சரிமென் கூட்டுறவுச் சங்கமும், அதை ஒட்டிய சித்தாபுரா நர்சரி வரிசையும் போதும். சித்தாபுராவில் தமிழிலேயே பேரம் பேசலாம்.

செடியை எடுக்கும்போது உயரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஐந்தடிக் கொடியை ஒரு குச்சியில் சுருட்டி வைத்திருப்பார்கள், பையைத் தூக்கிப் பார்த்தால் வேர் அடியில் வட்டம் போட்டிருக்கும். ஒன்றரை அடி உயரம், தடித்த தண்டு, அடியிலிருந்து இரண்டு தளிர் வரும் செடிதான் சரி. விதையிலிருந்து வந்ததா, குச்சியிலிருந்து வந்ததா என்று கேளுங்கள். விதைச்செடி பூக்க ஒரு வருடத்துக்கு மேல் எடுக்கும், குச்சிச்செடி அதற்கு முன்பே பூத்துவிடும்.

தொட்டியும் மண்ணும்

15, 16 அங்குல வாயும் அதே ஆழமும் உள்ள தொட்டி அல்லது க்ரோ பேக் போதும். பெரிய டிரம்மில் வைத்தால் இன்னும் நன்றாக வரும் என்று தோன்றும். வேர் முதலில் டிரம்மை நிரப்பப் பார்க்கும், பூ ஒரு சீசன் தள்ளிப்போகும். ஈரமான 16 அங்குலத் தொட்டி 30 கிலோவுக்கு மேல் கனக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். கைப்பிடிச் சுவரில் மாட்டும் ஸ்டாண்டில் இதை வைக்கவே கூடாது. தரையில், தூணுக்குப் பக்கத்தில் வையுங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் மேற்கு வெயிலில் கொதிக்கும், வெள்ளையோ மண்தொட்டியோ நல்லது.

பெங்களூர்ச் செம்மண் தரையில் அருமையான மண், தொட்டியில் மட்டும் எதிரி. நான்கு தடவை தண்ணீர் ஊற்றினால் செங்கல்லாகிவிடும். அதனால் செம்மண்ணை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேர்க்காதீர்கள். இன்னொரு பங்கு நன்றாக மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம். மூன்றாவது பங்கில் கோகோபீட்டும் கொரகொரப்பான மணலும் சரிபாதி. மணல் கனம் என்று நினைத்தால் பெர்லைட் என்ற லேசான வெள்ளைத் துகள். இதோடு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு, ஒரு கைப்பிடி எலும்புத்தூள். கோகோபீட்டைக் கட்டாயம் இரண்டு தடவை ஊறவைத்துப் பிழியுங்கள், அதில் உப்பு இருக்கும்.

அடியில் நான்கைந்து துளை இருக்கட்டும், ஓட்டுத்துண்டு ஒன்றிரண்டு போட்டு மூடுங்கள். தொட்டியை நேராகத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தால் துளை அடைபடாது. கீழ்வீட்டுக்குச் சொட்டாமல் தட்டு வைப்பவர்கள், தட்டில் தேங்கும் தண்ணீரை அன்றே கொட்டிவிட வேண்டும். வேர் அழுகும், டெங்கு கொசுவும் முட்டையிடும்.

நடுவது

முதல் மழை பெய்து சூடு தணிந்த ஜூன் மாதம் நல்ல சமயம். பிப்ரவரிக் கடைசியும் பரவாயில்லை, ஆனால் பிஞ்சு வேர் உடனே கோடையைச் சந்திக்க வேண்டிவரும்.

நர்சரிப் பையைக் கிழித்து, அடியில் சுற்றிய வேரை விரலால் மெதுவாகப் பிரித்துவிடுங்கள். நிறையச் சேதப்படுத்த வேண்டாம், இந்தக் கொடிக்கு வேரைத் தொட்டாலே கோபம் வரும். பையில் இருந்த மண் மட்டமும் தொட்டி மண் மட்டமும் ஒன்றாக இருக்கட்டும். தண்டை ஆழமாகப் புதைத்தால் கழுத்து அழுகும். நட்டவுடன் அடியில் தண்ணீர் வெளியே வரும்வரை ஊற்றி, ஒரு வாரம் அரைநிழலில் வைத்து, பிறகு வெயிலுக்கு நகர்த்துங்கள்.

கொடி எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது

பலரும் இங்கேதான் காசை வீணாக்குகிறார்கள். தென்னை நார் சுற்றிய தடித்த கம்பம் ஒன்றை வாங்கி நடுவில் நட்டுவிடுகிறார்கள். அது மணிபிளாண்ட்டுக்கானது. பேஷன் கொடி ஏறுவது ஸ்பிரிங் போலச் சுருளும் பற்றுக்கம்பியால். அந்தப் பற்றுக்கம்பி பென்சில் தடிமனுக்குள் இருக்கும் பொருளைத்தான் வசதியாகச் சுற்றும். குழாயையும் கம்பத்தையும் தடவிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் துணிக்கொடிக் கயிற்றுக்குப் போய்விடும்.

நாற்சதுரக் கண் உள்ள நைலான் கொடிவலை, அல்லது ஓரடி இடைவெளியில் கிடைமட்டமாக இழுத்துக் கட்டிய ஜிஐ கம்பி, இரண்டில் ஒன்று போதும். அசோசியேஷன் சுவரில் துளை போட விடாது என்றால், பால்கனியின் இரு பக்கக் கிரில்லுக்கும் நடுவே கம்பியை இழுங்கள். வெளிப்பக்கம் தொங்கவிட்டால் எப்படியும் ஒரு நோட்டீஸ் வரும்.

இனி பயிற்சி. முதல் தண்டை ஒற்றையாக நேரே மேலே விடுங்கள். கம்பி உயரத்துக்கு, அதாவது நான்கைந்து அடிக்கு வந்ததும் கொழுந்தைக் கிள்ளுங்கள். பக்கக்கிளைகள் வெடிக்கும். அவற்றில் இரண்டை மட்டும் வைத்து, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று கம்பியோடு படுக்க வையுங்கள். படுத்த தண்டின் ஒவ்வொரு கணுவிலிருந்தும் சிறு கிளைகள் கிளம்பித் தொங்கும். பூ வருவது அந்தத் தொங்கும் புதுக்கிளைகளில்தான். நேரே மேலே ஏறவிட்டால் உச்சியில் மட்டும் நாலு பூ பூக்கும், கீழே வெறும் கயிறு.

வாரம் ஒரு தடவை அலையும் நுனிகளைக் கையால் கம்பிப் பக்கம் திருப்பிவிடுங்கள். முற்றிய பற்றுக்கம்பி இரும்பு மாதிரி இறுகிவிடும், பிரிக்க முயன்றால் தண்டுதான் முறியும்.

தண்ணீர்

மேல்மண்ணில் விரலை ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். கோடையில் தினமும், மழைக்காலத்தில் தேவைப்பட்டால் மட்டும். மொட்டு இருக்கும்போது ஒருநாள் முழுக்கக் காயவிட்டால் மொட்டெல்லாம் மஞ்சளாகி உதிர்ந்துவிடும்.

தண்ணீரின் தரம் இந்த ஊரில் தனிக்கதை. காவிரித் தண்ணீர் வரும் வீடுகளுக்குச் சிக்கலில்லை. போர் தண்ணீரும் டேங்கரும்தான் கதி என்றால், சுண்ணாம்புச் சத்து மண்ணில் சேர்ந்து சேர்ந்து செடியால் இரும்பை எடுக்க முடியாமல் போகும். புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அதுதான். கீலேட்டட் இரும்பை, அதாவது செடி எளிதில் உறிஞ்சும் வடிவில் உள்ள இரும்புச்சத்தை, அளவாகக் கொடுத்தால் அடுத்த தளிர்கள் பச்சையாக வரும். பழைய இலைகள் மட்டும் மஞ்சளாவது வேறு விஷயம், அது பெரும்பாலும் மக்னீசியக் குறை அல்லது தழைச்சத்துக் குறை.

2024 மார்ச் தட்டுப்பாட்டின்போது குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூரு குடிநீர் வாரியம் அறிவித்தது நினைவிருக்கும். அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய தண்ணீரைப் பிடித்து வைக்கும் பழக்கம் எப்போதும் இருக்கட்டும். ஆர்ஓ கழிவுத் தண்ணீரை மட்டும் அப்படியே ஊற்ற வேண்டாம், போர் தண்ணீரின் உப்பு அதில் இன்னும் கூடுதலாக இருக்கும். மழை பெய்யும்போது தொட்டி நன்றாக நனைந்து வடியட்டும், சேர்ந்த உப்பெல்லாம் கழுவிக்கொண்டு போகும்.

உரம்: கையை இறுக்குங்கள்

முதல் மூன்று மாதம் இலையும் தண்டும் வர வேண்டும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம், நடுவில் ஒருதரம் புளித்த கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஒன்றுக்குப் பத்தாகத் தண்ணீர் கலந்து. கொடி கம்பியைத் தொட்டுப் பக்கவாட்டில் படர ஆரம்பித்ததும் புண்ணாக்கை நிறுத்திவிடுங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனாலும் நிறுத்துங்கள். தழைச்சத்து தொடர்ந்து கிடைக்கும்வரை இந்தக் கொடிக்குப் பூக்க ஒரு காரணமும் இல்லை.

அதன் பிறகு சாம்பல்சத்துதான் முக்கியம். உரக்கடையில் 0:0:50 என்று கேட்டால் பொட்டாசியம் சல்பேட் தருவார்கள். லிட்டருக்கு 2 கிராம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஈரமான மண்ணில். இயற்கை வழிதான் என்பவர்கள் விறகுச் சாம்பல் ஒரு மேசைக்கரண்டி மாதம் ஒருமுறை தூவலாம், போர் தண்ணீர் ஊற்றும் தொட்டிக்கு அது வேண்டாம், சுண்ணாம்பு இன்னும் ஏறும். வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீரைப் பற்றி நிறைய வீடியோ இருக்கிறது. கெடுதல் இல்லை, அதை மட்டும் நம்பிப் பூவுக்குக் காத்திருக்க வேண்டாம்.

பூவும் பழமும்

மொட்டு விரியும் நாளில் பக்கத்தில் நின்று பாருங்கள். அடுக்கடுக்காக நூல் வட்டம், அதன் நடுவே ஒரு தண்டு, தண்டின் மேல் ஐந்து மகரந்தப்பை, அதற்கும் மேலே ஆணி போல மூன்று சூல்முடி. நூல்கள் நூறு கௌரவர்கள், ஐந்தும் பாண்டவர்கள், மூன்றும் மும்மூர்த்திகள் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். ஒரு பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுள், பூஜைக்கு என்றால் காலையிலேயே பறியுங்கள்.

பழம் வேண்டுமென்றால் பறிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஊதா எடுலிஸ் விடியற்காலையில் விரிந்து மதியத்துக்குள் மூடும். மஞ்சள் வகை மதியம்தான் விரியும், இரவு மூடும். விரிந்த புதிதில் மூன்று சூல்முடிகளும் நிமிர்ந்து நிற்கும். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் மெல்ல வளைந்து கீழே, மகரந்தப்பை மட்டத்துக்கு இறங்கும். இறங்கிய பிறகுதான் சேர்க்கை பலிக்கும். கடைசிவரை நிமிர்ந்தே நிற்கும் பூக்களும் சில உண்டு, அவை காய்க்காது, அவற்றைச் சாமிக்கு வைத்துவிடலாம்.

இந்த வேலையைத் தோட்டத்தில் செய்வது பெரிய கறுப்புத் தச்சன் தேனீ. அதன் முதுகு சரியாக மகரந்தப்பையில் உரசும், சின்னத் தேனீக்கு அந்த உயரம் போதாது. மேல்மாடிக்கு அது வராது என்றால் நீங்கள்தான் செய்ய வேண்டும். மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷோ விரல்நுனியோ எடுத்து, மகரந்தப்பையின் அடியில் இருக்கும் மஞ்சள் தூளைத் தொட்டு, மூன்று சூல்முடியிலும் தடவுங்கள். மஞ்சள் வகையானால் ஒரு கொடியின் தூளை இன்னொரு கொடிக்கு. தடவி இரண்டு மணி நேரத்துக்குள் மழை பட்டால் மகரந்தம் வெடித்து வீணாகும், எனவே மழைநாளில் கூரைக்குக் கீழே இருக்கும் பூவைத் தேர்ந்தெடுங்கள். பிடித்த காய் பழுக்க இரண்டு, இரண்டரை மாதம் ஆகும். பறிக்க வேண்டாம், பழுத்ததும் தானாக விழும். காயையும் இலையையும் குழந்தைகளும் நாய்க்குட்டியும் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவற்றில் சயனைடு தரும் பொருட்கள் உண்டு.

எறும்பு, புழு, மாவுப்பூச்சி

இலைக்காம்பை உற்றுப் பாருங்கள். எடுலிஸில் இலை தொடங்கும் இடத்தில் குண்டூசித் தலை அளவுக்கு இரண்டு சுரப்பிகள் இருக்கும், அதிலிருந்து தேன் கசியும். எறும்பு அதற்காக வருகிறது. எறும்பைப் பார்த்ததும் மருந்தைத் தூக்க வேண்டாம். கணுவிலோ இலை அடியிலோ வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் மட்டும்தான் மாவுப்பூச்சி. கொஞ்சமாக இருந்தால் பழைய பல்துலக்கியும் சோப்புத் தண்ணீரும் போதும். பரவிவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டுத் திரவ சோப்பு, நன்றாகக் குலுக்கி மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி அடியுங்கள், வாரம் ஒருமுறை மூன்று வாரம்.

மார்ச், ஏப்ரலில் இலை மங்கி, ஊசியால் குத்தியது போல் புள்ளி விழுந்தால் செஞ்சிலந்திப் பேன். அதற்குத் தண்ணீர்தான் முதல் மருந்து, இலை அடியில் பீய்ச்சி அடியுங்கள். தீரவில்லை என்றால் நனையும் கந்தகம், வெயிலில் வேண்டாம், வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரத்துக்குள்ளும் வேண்டாம், இலை கருகும்.

செம்பழுப்பு நிறத்தில் முள்முள்ளாகக் கூட்டமாக மேயும் புழு வந்தால் கொல்லும் முன் யோசியுங்கள். டானி காஸ்டர் பட்டாம்பூச்சியின் பிள்ளைகள் அவை, பெங்களூரில் சாதாரணமாகப் பறக்கும் ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சி. வளர்ந்த கொடி சில கிளை இழந்தாலும் மீண்டுவிடும். இளம் கொடியானால் புழுவைக் குச்சியால் எடுத்து, காலி மனை வேலியில் தானாக முளைத்திருக்கும் சிறுபூனைக்காலியில் விட்டுவிடுங்கள். அதுவும் இதே குடும்பம்தான், அவற்றுக்கு அது விருந்து.

இலை சுருங்கி, தேமல் விழுந்து, காய் கல்லாக இறுகினால் அது வைரஸ். மருந்து கிடையாது. அந்தக் கொடியை எடுத்துவிட்டு, கத்தரியைச் சுத்தம் செய்த பிறகே அடுத்த செடியைத் தொடுங்கள்.

கவாத்தும் புதுக்கொடியும்

பூ புதுக்கிளையில் வருவதால் வருடத்துக்கு ஒருமுறை நன்றாக வெட்டத்தான் வேண்டும். குளிர் குறையும் ஜனவரிக் கடைசி அல்லது பிப்ரவரி தொடக்கம் சரியான நேரம். கம்பியில் படுத்திருக்கும் முக்கியத் தண்டுகளைத் தொடாமல், தொங்கும் கிளைகளை மட்டும் இரண்டு மூன்று கணு விட்டு வெட்டுங்கள். ஆர்வத்தில் அடித்தண்டுவரை வெட்டினால் எடுலிஸ் பெரும்பாலும் திரும்பத் துளிர்க்காது. வெட்டிய வாரத்தில் மேல்மண்ணை இரண்டு அங்குலம் சுரண்டி எடுத்து, புது மண்புழு உரம் நிரப்புங்கள். வருடத்தில் மற்ற நாட்களில் காய்ந்த கிளையை எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஜூன், ஜூலை ஈரத்தில் பென்சில் தடிமனுள்ள கிளையிலிருந்து மூன்று கணுத் துண்டு எடுத்து, கீழ்க்கணுவை மணலும் கோகோபீட்டும் கலந்த கப்பில் புதைத்து, மேல் இலையைப் பாதியாகக் கத்தரித்து, மேலே ஒரு கண்ணாடிக் காகிதப் பை கவிழ்த்து நிழலில் வையுங்கள். ஒரு மாதத்துக்குள் வேர் பிடிக்கும். எப்போதும் கையிருப்பாக இரண்டு கன்று இருப்பது நல்லது, ஏனென்றால் தொட்டிக்கொடி நான்கைந்து வருடத்தில் தளர்ந்துவிடும்.

தளர்ந்த கொடியை எடுக்கும்போது வேரைக் கழுவிப் பாருங்கள். மணிமணியாக முடிச்சு இருந்தால் நூற்புழு. அந்த மண்ணில் மறுபடியும் பேஷன் கொடியை நடாதீர்கள். பாலித்தீன் தாளில் பரப்பி ஏப்ரல், மே வெயிலில் காயவிட்டு, ஒரு பருவம் செண்டுமல்லி போட்டு எடுங்கள். புதுக்கன்றுக்குப் புதுத் தொட்டிமண் கலந்துகொள்ளுங்கள்.